போல்ட் இறுகியிருக்கிறது, புல்லி ஆடுகிறது

பழைய கார் ஒன்று சூடேறி ஐடிலிங்கில் நிற்கும்போது, முன்பக்கத்திலிருந்து "டக்... டக் டக்... டக்" என்று தாளம் தப்பிய ஒரு சத்தம் வரும். கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் மறையும், காலை எடுத்தால் திரும்ப வரும். கேட்டதும் பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராடு கிராங்க்ஷாஃப்டைப் பிடிக்கும் இடத்துப் பேரிங்) போய்விட்டது என்றுதான் மனசு சொல்லும். ஆயில் சம்ப்பை இறக்கி, பேரிங்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்று திரும்பப் பூட்டினால் அதே சத்தம் மறுபடியும் கேட்கும். அவ்வளவு தூரம் போவதற்கு முன்பு பத்து நிமிஷம் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய இடம் கிராங்க் புல்லி, அதாவது கிராங்க்ஷாஃப்டின் முன்முனையில் பெல்ட்டைச் சுற்றும் சக்கரம்.

அது லூஸாகியிருப்பது தெரிந்ததும் பெரும்பாலோர் செய்வது போல்டை ஓங்கி இறுக்குவதுதான். சத்தம் நிற்கும். சில நூறு கிலோமீட்டரில் திரும்பி வரும். இரண்டாவது தடவை கழற்றும்போது கீவே, அதாவது புல்லியின் கீ உட்காரும் பள்ளம், வாய் பிளந்திருக்கும். மூன்றாவது தடவை கிராங்க்ஷாஃப்டையே வெளியே எடுக்க வேண்டியிருக்கும். ஒரு போல்ட் ஏன் பிடியை விட்டது என்று தெரியாமல் அதை மறுபடி இறுக்குவதில் பயனில்லை. அந்த "ஏன்" பற்றித்தான் இங்கே அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

பிடித்திருப்பது எது?

கிராங்க்ஷாஃப்டின் முன்மூக்கில் பொருட்கள் ஒன்றன் முன் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். உள்ளே ஷாஃப்டின் தோளை ஒட்டி டைமிங் செயின் ஸ்ப்ராக்கெட், அதற்கு முன்னால் எண்ணெயைச் சிதறடிக்கும் ஆயில் த்ரோயர் என்ற மெல்லிய தட்டு, பிறகு புல்லியின் நடுப்பகுதியான ஹப், அதன்மேல் ஒரு தடித்த வாஷர், கடைசியில் போல்ட். இன்னும் பழைய வண்டிகளில் போல்டுக்குப் பதிலாக ஸ்டார்ட்டிங் ஹாண்டில் கடிப்பதற்குப் பல் வெட்டிய பெரிய நட் இருக்கும். அதன் அடியில் மடக்கிவிடும் டேப் வாஷர். எல்லாவற்றிலும் இதே அமைப்பு என்று சொல்ல முடியாது. 1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி-யில் புல்லியைப் பிடித்திருப்பது மூக்கின் குறுக்கே ஓடும் ஒரு பின். ஸ்டார்ட்டிங் ஹாண்டிலும் அந்தப் பின்னில்தான் கடிக்கும். அது தனி வைத்தியம். இங்கே சொல்வதெல்லாம் போல்டோ நட்டோ போட்டு அழுத்திப் பிடிக்கும் வகைக்கு.

ஹப்புக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே அரைவட்ட வடிவில் ஒரு உட்ரஃப் கீ உட்கார்ந்திருக்கும். புல்லியைச் சுற்றுவது அந்தக் கீதான் என்று நினைப்பது இயல்பு, ஆனால் தவறு. கீயின் வேலை புல்லியைச் சரியான கோணத்தில் நிறுத்துவது மட்டுமே. அப்போதுதான் இக்னிஷனைச் சரிவைக்கப் பார்க்கும் டைமிங் குறி அதன் இடத்தில் இருக்கும். சுற்றும் விசையைச் சுமப்பது அடுக்கின் முகங்களுக்கு இடையே உள்ள உராய்வு. அந்த உராய்வைத் தருவது போல்டின் இழுப்பு.

கணக்காகவே பார்க்கலாம். 16 மி.மீ. போல்ட் ஒன்றை, மரையில் எண்ணெய் இல்லாமல், 95 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் அடுக்கை அழுத்தும் விசை ஏறத்தாழ 3 டன். ஃபேன், வாட்டர் பம்ப், டைனமோ மூன்றும் சேர்ந்து 1 கிலோவாட் இழுக்கின்றன என்று வைத்துக்கொண்டால், 3000 ஆர்பிஎம்மில் அதற்குத் தேவையான முறுக்கு 3 நியூட்டன் மீட்டர் சொச்சம்தான். பெல்ட் இழுப்பதால் புல்லி கழன்றது என்ற பேச்சு இந்தக் கணக்கில் நிற்காது.

புல்லியைக் கழற்றுவது அதன் சொந்த எடை. கிராங்க்ஷாஃப்ட் நம் கண்ணுக்கு ஒரே சீராகச் சுற்றுவதுபோலத் தெரிந்தாலும் அது துள்ளித் துள்ளித்தான் சுற்றுகிறது. நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, 800 ஆர்பிஎம் ஐடிலிங்கில் வினாடிக்குச் சுமார் 27. ஒவ்வொரு வெடிப்பிலும் ஷாஃப்ட் முன்னால் பாய்கிறது, அடுத்த கம்ப்ரஷனில் தயங்குகிறது. கனமான புல்லியோ தன் வேகத்திலேயே போகப் பார்க்கிறது. பிடி இருக்கும்வரை இரண்டும் ஒரே உடம்பு. பிடி தளர்ந்த நிமிஷத்திலிருந்து அந்தத் துள்ளல் முழுவதும் கீயின் இரண்டு பக்கச் சுவர்களிலும் மாறி மாறி விழும் சுத்தியலடி. ஐடிலிங்கில் சத்தம் பெரிதாகக் கேட்பதற்கும், வேகம் ஏறினால் அடங்குவதற்கும் காரணம் இதுவே: வேகம் குறைவாக இருக்கும்போதுதான் துள்ளல் அதிகம்.

ஆட்டம் வேறு, கோட்டம் வேறு

கண்டுபிடிக்கும் வேலையில் முதல் தவறு இங்கேதான் நடக்கும். என்ஜின் ஓடும்போது புல்லியின் விளிம்பு அலையடித்தால் அது கோட்டம். கையால் பிடித்து அசைத்தால் அசைந்தால் அது ஆட்டம். தகட்டில் அழுத்திச் செய்த பழைய புல்லிகளில், யாரோ விளிம்பில் புல்லர் என்ற கழற்றும் கருவியை மாட்டி இழுத்ததாலேயே அரை மி.மீ. கோட்டம் இருக்கும், ஹப் கல்மாதிரி இறுகியிருக்கும். பார்க்க அசிங்கம், பெல்ட்டையும் சீக்கிரம் தேய்க்கும், ஆனால் லூஸ் இல்லை. மறுபக்கம், வார்ப்பிரும்புப் புல்லி ஒன்று கோட்டமே இல்லாமல் அழகாகச் சுற்றிக்கொண்டு கீயை அரைத்துக்கொண்டிருக்கும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு சாக்கட்டி போதும். என்ஜினைக் கையால் சுற்றி, விளிம்பு அதிகம் வெளியே வரும் இடத்தில் குறி வையுங்கள். ஓட்டி, நிறுத்தி, மறுபடி பாருங்கள். அதே இடம் என்றால் புல்லி வளைந்திருக்கிறது. மேடு இடம் மாறியிருந்தால் ஹப் ஷாஃப்டின் மேல் நிலைகொள்ளவில்லை.

ஆட்டம் பார்ப்பதற்கு பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெல்ட்டை எடுத்துவிட வேண்டும். பெல்ட் இருந்தால் அதன் இழுப்பு ஆட்டத்தை மறைத்துவிடும். டாப் கியரில் போட்டு ஹாண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, புல்லியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் முறுக்குங்கள். கிளட்ச், கியர், ஆக்சில் எல்லாவற்றிலும் உள்ள தளர்வு கையில் தெரியும் என்பதால் புல்லி நகர்ந்தது என்பது மட்டும் ஒன்றையும் சொல்லாது. ஆள்காட்டி விரலின் நகத்தைப் பாதி போல்ட் தலையிலும் பாதி ஹப்பிலும் படும்படி வைத்துக்கொண்டு, இன்னொருவரை முறுக்கச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் நகத்தின் கீழ் ஒன்றும் தெரியாது. ஹப் மட்டும் நகர்ந்தால், கண்ணுக்குத் தெரியாத அளவு நகர்வானாலும், நகத்தை லேசாக நெருடும். இந்தச் சோதனைக்கு இணையான கருவி எதுவும் இல்லை என்றே சொல்லலாம்.

இதே நகத்தை வைத்துக்கொண்டு புல்லியை முன்னும் பின்னும் தள்ளி இழுத்தும் பாருங்கள். போல்டும் புல்லியும் சேர்ந்து நகர்ந்தால் அது கிராங்க்ஷாஃப்டின் எண்ட் ஃப்ளோட், அதாவது முன்பின் நகர்வு; அந்த நகர்வைக் கட்டுப்படுத்தும் த்ரஸ்ட் வாஷர் சம்பந்தப்பட்டது. கொஞ்சம் ஃப்ளோட் இருந்தே ஆக வேண்டும். கையில் பளிச்சென்று "டொக்" என்று தட்டினால் டயல் கேஜ் வைத்து அளந்தே தீர வேண்டும்.

ஹப்பைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். வாஷருக்கும் ஹப்புக்கும் இடையிலிருந்து செங்கல் தூள் போன்ற பழுப்புச் சிவப்புப் பொடி வெளியே வந்து, சுற்றும் விசையில் கதிர்கதிராகச் சிதறியிருக்கும். இது மழையில் பிடித்த துரு அல்ல. இரண்டு இரும்பு முகங்கள் நூலளவு அசைவில் ஒன்றையொன்று தேய்த்து, உதிர்ந்த துகள் அப்போதைக்கப்போது ஆக்சைடாக மாறி வருவது. விரலில் தொட்டால் மாவு போல ஒட்டும். ஆயில் சீலும் கசிந்தால் அதே பொடி குழம்பாகிச் செம்மண் சேறு மாதிரி இருக்கும். பெல்ட்டிலிருந்து உதிர்வது கருப்புப் பொடி. அது புல்லி பள்ளத்தின் தேய்மானத்தையோ நேர்க்கோட்டிலிருந்து விலகியதையோ சொல்கிறது. சிவப்புப் பொடி மட்டுமே லூஸுக்குச் சாட்சி. ஆட்டம் கைக்குத் தெரிவதற்கு வெகு முன்பே இது தெரிந்துவிடும் என்பதால், எந்தப் பழைய காரைப் பார்த்தாலும் இந்த இடத்தில் ஒரு தடவை வெளிச்சம் காட்டிவிடுவது நல்ல பழக்கம்.

இனி காதுக்கான சோதனைகள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை டைமிங் கவரில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேளுங்கள். பிறகு பிளாக்கின் பக்கவாட்டில். சத்தம் எங்கே பெரிதோ அங்கேதான் மூலம். ஃபேனும் பெல்ட்டும் சுற்றும் இடம், தளர்ந்த துணியும் கையும் எட்டி இருக்கட்டும். அடுத்து பெல்ட் இல்லாமல் ஒரு நிமிஷத்துக்குள் என்ஜினை ஓட்டிப் பாருங்கள். வாட்டர் பம்ப் சுற்றாது என்பதால் அதற்கு மேல் வேண்டாம். சத்தத்தின் தன்மை மாறினால் சந்தேகம் புல்லிப் பக்கமோ, பெல்ட் சுற்றும் பொருட்களின் பக்கமோ சாயும். பிக் எண்ட் தட்டலாக இருந்தால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டரின் பிளக்கை எர்த் செய்ததும் தெளிவாகக் குறையும். கிளட்ச் பெடலை மிதித்ததும் மாறினால் த்ரஸ்ட் வாஷரையும் ஃப்ளைவீலையும் நினைக்க வேண்டும். இவற்றில் ஒன்றை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள். சத்தம், பொடி, நகம் மூன்றும் ஒரே பக்கம் கை காட்ட வேண்டும்.

டைமிங் லைட்டும் பேசும். குறி ஒரே இடத்தைச் சுற்றி நடுங்கினால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் புஷ் அல்லது டைமிங் செயின் தேய்ந்திருக்கலாம். இன்று ஒரு டிகிரி, நாளை வேறொரு டிகிரி என்று குறி இடம் பெயர்ந்துகொண்டே போனால் புல்லியை நம்பக் கூடாது. கீவேயில் அரை மி.மீ. இடைவெளி விழுந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்: 30 மி.மீ. மூக்கில் அது ஏறத்தாழ 2 டிகிரி, 70 மி.மீ. ஆரமுள்ள விளிம்பில் 2.3 மி.மீ. இக்னிஷனை அந்தக் குறியைப் பார்த்து வைத்தால் அத்தனையும் பிழையாகச் சேரும்.

ரப்பர் இருந்தால் கதை வேறு

சில என்ஜின்களில் புல்லி ஒற்றைத் துண்டு அல்ல. உள்ளே ஹப், வெளியே கனமான வளையம், நடுவில் ரப்பர். முறுக்கு அதிர்வைத் தணிப்பதற்கான டாம்பர் அது. எண்ணெயிலும் சூட்டிலும் வயதாகி ரப்பர் விட்டுப்போனால் ஹப் அசையாமல் வெளிவளையம் மட்டும் வழுக்கும், அல்லது முன்னால் நகர்ந்து வரும். போல்டை எவ்வளவு இறுக்கினாலும் இது தீராது. ஹப், ரப்பர், வளையம் மூன்றையும் குறுக்காகக் கடந்து ஒரு வெள்ளைப் பெயிண்ட் கோடு போட்டு, ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு உடைந்திருந்தால் புது ரப்பர் வார்த்துத் தருபவர்களிடம் கொடுப்பதோ, வேறு டாம்பர் போடுவதோதான் வழி. ரப்பருக்குப் பசை ஊற்றி ஒட்டுவது, வளையத்தை ஹப்போடு வெல்ட் வைப்பது இரண்டும் கூடாது. முதலாவது நிற்காது. இரண்டாவது, டாம்பர் செய்யும் வேலையை அடியோடு நிறுத்தி அந்த அதிர்வைக் கிராங்க்ஷாஃப்டின் தலையில் கட்டுகிறது.

கழற்றுவது

டாப் கியர், பிரேக்கில் ஒருவர் கால். பலரும் முதல் கியரைப் போடுவார்கள், அது தவறு. முதல் கியரில் கிராங்க்கின் முறுக்கு மூன்று மடங்குக்கு மேல் பெருகித்தான் சக்கரத்துக்குப் போகும், அத்தனையையும் பிரேக் பிடித்து நிறுத்த வேண்டும். டாப் கியரில் அந்தப் பெருக்கம் இல்லை. ஆட்டோமேட்டிக் என்றாலோ கியர்பாக்ஸ் வண்டியில் இல்லையென்றாலோ, ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி அந்த வழியாக ரிங் கியரின் பற்களில் தடுப்பு வைப்பதே நல்லது.

பிளக் துளை வழியாகக் கயிறு திணிக்கும் முறையும் உண்டு. அதில் திசை முக்கியம். வலக்கை மரை போல்டைக் கழற்றும்போது கிராங்க் பின்னோக்கிச் சுற்றப் பார்க்கும். ஆகவே பிஸ்டன் டிடிசி-யை (அது ஏறும் உச்ச நிலையை) தாண்டிப் பவர் ஸ்ட்ரோக்கில் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும். அப்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும், பின்னோக்கிச் சுற்றினால் பிஸ்டன் மேலேறிக் கயிற்றில் மெத்தென்று முட்டும். இறுக்கும்போது இதற்கு எதிர், கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் டிடிசி-க்கு முன்னால். 6 முதல் 8 மி.மீ. நைலான் கயிறு, பிசிறு இல்லாதது, ஒரு முனை எப்போதும் வெளியே இருக்கட்டும்.

ஸ்பேனரைச் சேஸிஸில் முட்டவைத்து ஸ்டார்ட்டரைத் தட்டிக் கழற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஸ்பேனர் நழுவினால் ரேடியேட்டரோடு போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ரப்பர் டாம்பரின் வெளிவளையத்தில் ஸ்ட்ராப் ரெஞ்ச் மாட்டிப் பிடிப்பதும் வேண்டாம்.

போல்ட் வந்த பிறகு, லூஸான புல்லி கையோடு வரும் என்று நினைத்தால் பல நேரம் வராது. அந்தச் சிவப்புப் பொடியே சிமென்ட் மாதிரி இறுகியிருக்கும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள். புல்லரை விளிம்பில் மாட்டாதீர்கள். கோட்டம் பிறப்பது அங்கேதான். ஹப்பில் மரை வெட்டிய துளைகள் இருந்தால் அவற்றில் போல்ட் போட்டு இழுக்கும் வகைப் புல்லரையே மாட்டுங்கள். ஷாஃப்டின் மரைத்துளைக்குள் ஒரு பழைய குட்டைப் போல்டைத் திருகிவிட்டு அதன் தலைமேல் புல்லரின் திருகை ஊன்றினால் மரை பிழைக்கும். மூக்கைச் சுத்தியலால் அடிக்கக் கூடாது, அந்த அடி நேராக த்ரஸ்ட் வாஷரில் போய் விழும்.

இறுகிய போல்டின் இரண்டு பொய்கள்

இதுதான் முக்கியம். இறுக்கும் முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்ச் "க்ளிக்" என்று சொல்லிவிட்டது, போல்ட் அசையவில்லை, ஆனால் புல்லி மறுபடி லூஸ். எப்படி?

முதல் பொய்: போல்ட் துளையின் அடியில் முட்டுவது. முந்தைய யாரோ வேறு நீளப் போல்டைப் போட்டிருப்பார்கள், அல்லது தடித்த வாஷருக்குப் பதில் மெல்லியதைப் போட்டிருப்பார்கள், அல்லது துளைக்குள் பழைய பசையும் அழுக்கும் கெட்டிப்பட்டிருக்கும். போல்டின் முனை அடியில் முட்டியதும் ரெஞ்சுக்கு முழு எதிர்ப்பு கிடைக்கும், அடுக்குக்கு ஒரு கிலோ அழுத்தம்கூடக் கிடைக்காது. சோதிப்பது எளிது. புல்லியும் வாஷரும் இல்லாமல் போல்டைக் கையால் முட்டும்வரை திருகி, மூக்கின் முனையிலிருந்து போல்ட் தலையின் அடிவரை எவ்வளவு இடைவெளி என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு புல்லியை முழுதாக உட்காரவைத்து, அதே மூக்கின் முனையிலிருந்து வாஷரின் மேல்முகம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளவுங்கள். இரண்டாவது அளவு முதலாவதைவிட 2 மி.மீ. ஆவது அதிகமாக இருக்க வேண்டும். குறைவாகவோ சமமாகவோ இருந்தால் திருட்டு பிடிபட்டது.

இரண்டாவது பொய்: வாஷர் ஹப்பை அழுத்தாமல் ஷாஃப்டின் மூக்கை அழுத்துவது. அடுக்கு சரியாக இருந்தால் மூக்கின் முனை ஹப்பின் முன்முகத்துக்குள் கொஞ்சம் பதுங்கியிருக்கும். ஆயில் த்ரோயரைப் போட மறந்தாலோ, மெல்லிய ஸ்ப்ராக்கெட் மாற்றப்பட்டிருந்தாலோ, லூஸாக ஓடி ஹப்பின் முகங்கள் தேய்ந்திருந்தாலோ மூக்கு முன்னால் வந்து ஹப்போடு சமமாகிவிடும். அதற்குமேல் எவ்வளவு இறுக்கினாலும் 3 டன் அழுத்தமும் மூக்கின்மேல்தான். புல்லி நடுவில் சும்மா உட்கார்ந்திருக்கும். ஸ்கேலின் விளிம்பை ஹப்பின் குறுக்கே வைத்து மூக்கு எவ்வளவு பதுங்கியிருக்கிறது என்று ஃபீலர் கேஜால் பாருங்கள். சந்தேகம் இருந்தால் வாஷரின் அடியில் மெல்லிய நீலச் சாயம் தடவி லேசாக இறுக்கிக் கழற்றுங்கள். ஹப்பில் முழு வளையமாகச் சாயம் ஒட்டியிருந்தால் சரி. நடுவில் மூக்கின் முனையில் ஒட்டியிருந்தால் வியாதியைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள். பிறை வடிவில் ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தால் வாஷர் கிண்ணம்போல வளைந்திருக்கிறது, அல்லது ஹப்பின் முகம் சாய்வாகத் தேய்ந்திருக்கிறது.

மூக்கு எட்டிப் பார்க்கிறது என்பதற்காக அதைச் சாணை பிடித்துக் குறைப்பது தவறான திருத்தம். விடுபட்ட த்ரோயரையோ சரியான ஸ்ப்ராக்கெட்டையோ போடுங்கள். ஹப் முகம்தான் தேய்ந்தது என்றால் லேத்தில் முகத்தைச் சமன்செய்து, அந்த அளவுக்கு எஃகு வளையம் ஒன்றை வாஷருக்கு அடியில் வையுங்கள். நடுத்துளை மூக்கைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

த்ரோயரைப் பற்றி ஒரு வார்த்தை. மோரிஸ் மைனர் காரின் ஏ-சீரீஸ், எம்ஜிபி காரின் பி-சீரீஸ் போன்ற என்ஜின்களில் "எஃப்" என்று பொறித்த முகம் என்ஜினுக்கு வெளிப்புறம் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எண்ணெய் சீலை நோக்கி அடிக்கும், டைமிங் கவரில் உரசவும் கூடும்.

அளப்பதும் சரிசெய்வதும்

மூக்கையும் துளையையும் சால்வென்ட்டால் துடைத்து, பொடி ஒட்டியிருப்பதை மெல்லிய எமரித் துணியால் எடுத்துவிட்டு அளவுங்கள். மைக்ரோமீட்டரில் மூக்கை, கீவேக்கு நேராக ஒரு தடவை, குறுக்காக ஒரு தடவை, முன்னால், நடுவில், பின்னால். புல்லியின் துளையையும் அப்படியே. நல்ல நிலையில் இரண்டுக்கும் வித்தியாசம் 0.02, 0.03 மி.மீ. அளவில் இருக்கும், எண்ணெய் தடவி உள்ளங்கையால் தள்ளினால் போகும், விட்டால் தானாக விழாது. கீயின் பக்கத்தை விரலால் தடவுங்கள். நடுவில் படி விழுந்திருந்தால் அது வெட்டுப்பட ஆரம்பித்த இடம்.

மூக்கும் கீவேயும் சுத்தம், போல்ட் மட்டுமே தளர்ந்தது என்றால் புதுக் கீ, புது வாஷர், புதுப் போல்ட், சரியான டார்க் போதும். இப்படிப் பிடிபடுபவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

கீவே கொஞ்சம் அகன்றிருந்தால், அதாவது கால் மி.மீ.க்குள், முதலில் எழும்பிய பிசிறுகளை மெல்லிய அரத்தால் எடுத்து, சுவர்கள் மறுபடி நேராகும்படி சமன்செய்து, அந்த அகலத்துக்குப் படி வைத்த கீ ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள்: அடிப்பாகம் ஷாஃப்டின் புது அகலத்துக்கு, மேல்பாகம் புல்லியின் அகலத்துக்கு. படியின் இரு பக்கமும் சமமாக இருந்தால்தான் டைமிங் குறி நகராது. சுவர் ஒரு பக்கம் மட்டும் தின்றிருந்தால் படியையும் அந்தப் பக்கமே வைக்க வேண்டும். கீக்குச் சாதாரணக் கீ ஸ்டீலே சரி. கெட்டியான உளி எஃகில் செய்தால் கீ பிழைக்கும், ஷாஃப்ட் போகும்.

துளைக்கும் மூக்குக்கும் இடையே இடைவெளி விழுந்திருந்தால் ரிடெய்னிங் காம்பவுண்ட் என்ற, இடைவெளியை நிரப்பிக் கெட்டியாகும் பசை கைகொடுக்கும். 1989-ல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5-இன் முதல் 1.6 லிட்டர் என்ஜின்களில் மூக்கு குட்டையாக இருந்ததால் இதே கீவே நோய் பரவலாக வந்தது. பின்னர் மூக்கு நீளமாக்கப்பட்டது. கிராங்க்ஷாஃப்டை வெளியே எடுக்காமல் அந்த என்ஜின்களைக் காப்பாற்ற உரிமையாளர்கள் பயன்படுத்தியது லாக்டைட் 660. அரை மி.மீ. இடைவெளி வரை நிரப்பக்கூடியது அது. பழைய கார்களுக்கும் அதே முறை பொருந்தும். இரண்டு முகங்களையும் அசிட்டோனால் எண்ணெய்ப் பசையே இல்லாமல் துடையுங்கள். வேலையில் பாதி இதுதான். மூக்கிலும் கீயின் பக்கங்களிலும் காம்பவுண்டைத் தடவி, புல்லியை ஏற்றி, உடனே போல்டை முழு டார்க்குக்கு இறுக்கி, 24 மணி நேரம் தொடாமல் விட்டுவிடுங்கள். சீல் உட்காரும் இடத்திலும் போல்டின் மரைத்துளையிலும் அது வழியக் கூடாது. பிற்பாடு கழற்ற ஹப்பை 250 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டியிருக்கும், ஆயில் சீல் அப்போது போய்விடும். இது தெரிந்தே செய்ய வேண்டிய வேலை. போல்டின் இழுப்புக்கு மாற்று இதில் இல்லை. முன்சொன்ன இரண்டு பொய்களில் ஒன்று அப்படியே இருந்தால் காம்பவுண்டும் உதிர்ந்துவிடும்.

கீவேயின் சுவர் கிழிந்தே போயிருந்தால் கிராங்க்ஷாஃப்ட் வெளியே வர வேண்டும். எதிர்ப்பக்கம் 180 டிகிரியில் புதுக் கீவே வெட்டுவது நல்ல வழி. அப்போது ஸ்ப்ராக்கெட்டுக்கும் புல்லிக்கும் அதே கணக்கில் கீவே வெட்ட வேண்டும், வெட்டாவிட்டால் டைமிங் குறிகளை மாற்றிப் போட வேண்டும். மூக்கை வெல்ட் நிரப்பித் திரும்ப அரைப்பதும் உண்டு, தேர்ந்த கிராங்க் கிரைண்டிங் பட்டறையில் மட்டும். ஷாஃப்ட் என்ஜினுக்குள் இருக்கும்போதே மூக்கில் வெல்ட் வைத்தால் மின்சாரம் மெயின் பேரிங் வழியாகப் பாய்ந்து பேரிங்கைக் குழிகுழியாகத் தின்றுவிடும். புல்லியை ஷாஃப்டோடு வெல்ட் வைத்துவிடும் கொடுமையும் சில வண்டிகளில் பார்க்கக் கிடைக்கும். அடுத்து டைமிங் செயின் மாற்ற வருபவருக்கு வழியே இல்லை.

புல்லி கழன்றிருக்கும்போதே ஆயில் சீலை மாற்றிவிடுங்கள். சீல் உரசும் இடத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் கசியும், 0.3 மி.மீ.க்கும் குறைந்த தடிப்புள்ள ரிப்பேர் ஸ்லீவ் ஒன்றை ஹப்பின்மேல் ஏற்றினால் புது மேற்பரப்பு கிடைக்கும். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில் நிலைமை வேறு. அதன் அசல் புல்லிக்குச் சீலே கிடையாது. ஹப்பில் வெட்டிய சுருள் பள்ளம்தான் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது. ஹப் ஆடினால் அந்தச் சுருள் என்ஜின் கேஸில் உரசி, எண்ணெய் வெளியே வரும். அதோடு அந்தப் புல்லியின் பெல்ட்தான் டைனமோ ஷாஃப்ட் வழியாக கூலிங் ஃபேனையும் சுற்றுகிறது. காற்றால் குளிரும் என்ஜின் அது. பீட்டிலில் லூஸ் புல்லியோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம்.

பூட்டுவது

டார்க் எவ்வளவு என்பதை அந்தந்த என்ஜினின் மேனுவலில் பாருங்கள், போல்டின் பருமனைப் பார்த்து ஊகிக்காதீர்கள். ஏ-சீரீஸ், பி-சீரீஸ் புல்லிக்கு 70 பவுண்டு அடி, அதாவது 95 நியூட்டன் மீட்டர். பீட்டிலின் போல்ட் 20 மி.மீ. பருமன், ஆனால் டார்க் 40 முதல் 50 நியூட்டன் மீட்டர்தான். மேனுவல் உலர்ந்த மரைக்குச் சொல்லியிருந்தால் எண்ணெய் தடவாதீர்கள். எண்ணெய் பட்டால் அதே ரெஞ்ச் எண்ணிக்கையில் இழுப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். இம்பாக்ட் ரெஞ்ச் கழற்றுவதற்கு ஆகும், இறுக்குவதற்கு ஆகாது.

கீயை மூக்கின் பள்ளத்தில் அடிமட்டமாக, ஷாஃப்டுக்கு இணையாக உட்காரவையுங்கள். பின்பக்கம் தூக்கியிருந்தால் புல்லி ஏறும்போது கீ நிமிர்ந்து ஹப்பின் கூரையில் முட்டி, புல்லியைக் கோட்டமாக நிறுத்திவிடும். கீவேயின் வெளிமுனையில் ஒரு துளி சீலன்ட் வைத்தால் எண்ணெய் அந்த வழியாகக் கசிந்து வராது. சீலின் உதட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு, புல்லியை நேராக, கையால் முடிந்தவரை ஏற்றிய பிறகு போல்டால் இழுங்கள். டேப் வாஷரை டார்க் முடிந்த பிறகு மடக்குங்கள், ஒரு தடவை மடக்கிய இடத்தை மறுபடி மடக்கக் கூடாது.

பிஸ்டன் ஸ்டாப் ஒன்றைப் பிளக் துளையில் மாட்டி உண்மையான டிடிசி-யை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். முன்னோக்கிச் சுற்றி முட்டும் இடத்தில் ஒரு குறி, பின்னோக்கிச் சுற்றி முட்டும் இடத்தில் ஒரு குறி, இரண்டுக்கும் நடு டிடிசி. புல்லியின் குறி அங்கே வரவில்லை என்றால் புதுக் குறி போட்டுவிட்டு அதைப் பார்த்தே இக்னிஷனை வையுங்கள்.

பெல்ட்டை மாட்டும்போது எல்லாப் புல்லியும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். நீண்ட ஓட்டத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 13 மி.மீ. அளவு இறங்க வேண்டும். பள்ளத்தின் அடி பளபளவென்று மின்னினால் பெல்ட் பக்கச்சுவரில் உட்காராமல் அடியில் உட்கார்ந்து வழுக்குகிறது; பெல்ட்டோ புல்லியோ தேய்ந்துவிட்டது.

கடைசியாக போல்ட் தலையிலிருந்து வாஷர், ஹப் வழியாக ஒரே நேராக வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு. என்ஜினை முழுச் சூட்டுக்கு ஓட்டி, முற்றிலும் ஆறவிட்டு, 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ரெஞ்சை வைத்து டார்க்கை ஒரு தடவை சரிபாருங்கள். காம்பவுண்ட் போட்டிருந்தால் ரெஞ்சை வைக்காதீர்கள், கோட்டை மட்டும் பாருங்கள். கோடு வாஷருக்கும் ஹப்புக்கும் நடுவே உடைந்திருந்தால் வாஷர் ஹப்பை அழுத்தவில்லை, நீலச் சாயத்துக்குத் திரும்புங்கள். போல்டுக்கும் வாஷருக்கும் நடுவே உடைந்திருந்தால் போல்டே திரும்பிவிட்டது, மரையையும் துளையின் ஆழத்தையும் மறுபடி அளவுங்கள். 500 கிலோமீட்டருக்குப் பிறகும் கோடு முழுதாக, ஹப்பைச் சுற்றிச் சிவப்புப் பொடி இல்லாமல் இருந்தால் ரேடியேட்டர் கிரில்லைத் திரும்ப மாட்டிவிடலாம்.